தீவனப் புல்லுக்கு மாட்டு எரு போடுறது: அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

நாலஞ்சு மாடு வச்சுக்கிட்டு அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ கோ-4, கோ-5 மாதிரி கம்பு நேப்பியர் புல்லு போட்டிருக்கவங்க கேக்குற கேள்விங்கதான் இதுல பெரும்பாலும். சோளம், வேலிமசால் (பயறுவகைத் தீவனச் செடி), அகத்தி வச்சிருக்கவங்களுக்கும் நடுநடுவுல சொல்லியிருக்கேன். கேள்விகளை கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

மாடு நம்மகிட்ட இருக்கு, எரு இருக்கு, அப்புறம் புல்லுக்கு யூரியா எதுக்குண்ணா?

இதுக்கு ஆமா இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுருவோம். ஒரு ஏக்கர் கோ-5ல வருஷத்துக்கு 100 டன் பச்சைப்புல்லு அறுக்குறீங்கன்னு வைங்க. வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற மகசூல் இதைவிட ஜாஸ்தி, ஆனா நம்ம தண்ணிக்கும் நம்ம பராமரிப்புக்கும் 100 வந்தாலே நல்ல விளைச்சல்தான். அந்த 100 டன்ல 80 டன் வெறும் தண்ணி, காய வச்சா 20 டன் நிக்கும். அதுல தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 1.3 சதவீதம்னு போட்டாக்கூட 260 கிலோ. அதாவது ஒரு வருஷத்துல அந்த ஒரு ஏக்கர் மண்ணுல இருந்து 260 கிலோ தழைச்சத்து கட்டுக்கட்டா தலையில ஏறி கொட்டகைக்கு போயிருச்சு. சாம்பல்சத்து (பொட்டாசியம்) இதைவிட ஜாஸ்தியாவே போயிருக்கும்.

இப்ப திருப்பி என்ன குடுக்குறோம்? ஏக்கருக்கு 10 டன் தொழு உரம், அதான் மக்கின மாட்டு எரு, போடுறோம், அதுல தழைச்சத்து அரை சதவீதம் சுமாருக்கு இருக்கும், ஆக 50 கிலோ. அதுலயும் முதல் வருஷம் பயிருக்கு கிடைக்கிறது மூணுல ஒரு பங்குதான், மீதி மண்ணுக்குள்ள மெதுவா அடுத்தடுத்த வருஷங்கள்ல அவுந்து வரும். அப்ப முதல் வருஷத்துக்கு 16, 17 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒண்ணுல இருக்குறதே 20 கிலோ சொச்சம். மூணு நாலு டிப்பர் லோடு அடிச்சு, ஆள் கூலி குடுத்து எறைச்சு, கடைசில ஒரு மூட்டை யூரியாவுக்கும் கம்மி.

இதை எருவை மட்டம் தட்டுறதுக்கு சொல்லலை. எரு போட்ட மண்ணு பொலபொலன்னு இருக்கும், தண்ணிய புடிச்சு வச்சிருக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து, துத்தநாகம், இரும்புன்னு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடுக்கும், வருஷா வருஷம் போட்டுட்டு வந்தா பழைய எருவுல இருந்து வர்ற தழைச்சத்தும் சேர்ந்துக்கும். ஆனா "எரு போட்டாச்சு, அவ்ளோதான்"னு ரெண்டு வருஷம் விட்டா மூணாவது வருஷம் புல்லு மஞ்சளடிச்சு, தூரு சின்னதாகி, குச்சி குச்சியா நிக்கும். நிறைய பேரு அதைப் பாத்துட்டு கரணை (நட்ட தண்டுத் துண்டு) பழசாயிருச்சுன்னு புடுங்கிப் போட்டுட்டு புதுசு நடுறாங்க, கரணை மேல தப்பே இல்லைங்க, அதுக்கு சோறு போடலை.

அப்ப புல்லுல இருந்து போன சத்தெல்லாம் எங்கதான் போச்சு? பால்ல போயிருச்சா?

நல்ல கேள்வி, இதுதான் முக்கியமான கேள்வியும். மாடு தின்னுற தழைச்சத்துல பாலுக்குப் போறது சுமாரா கால் பங்கு, அவ்வளவுதான். மீதி முக்கால் பங்கும் சாணியாவும் மூத்திரமாவும் வெளிய வந்துருது. அந்த முக்கால் பங்குல ஏறக்குறைய பாதி மூத்திரத்துல இருக்கு. சாம்பல்சத்து பெரும்பகுதி மூத்திரத்துலதான். நாம சாணிய பத்திரமா அள்ளி குழில போடுறோம், மூத்திரத்தை தண்ணி விட்டு கழுவி சாக்கடைக்கு அனுப்புறோம்.

5 மாடுன்னா, ஒரு மாடு நாளைக்கு 8 லிட்டர் பெய்யுதுன்னு கம்மியாவே வச்சாலும் ஒரு நாளைக்கு 40 லிட்டர், வருஷத்துக்கு 14,600 லிட்டர். அதுல தழைச்சத்து 0.8 சதவீதம்னா 115 கிலோவுக்கு மேல. அஞ்சரை மூட்டை யூரியா. அதுல பாதி அமோனியாவா ஆவியாகிப் போனாலும் மிச்சமே மேல சொன்ன 10 டன் குப்பை முதல் வருஷம் குடுக்குறதைவிட மூணு மடங்குக்கு மேல. புல்லுக்கு எருன்னு யோசிக்கிறவங்க முதல்ல யோசிக்க வேண்டியது மூத்திரத்தைத்தாங்க, அதுக்கப்புறம்தான் சாணி.

புடிக்கிறது பெரிய வேலை இல்லை. கொட்டகைத் தரை சிமெண்ட்டுன்னா பின்பக்கமா லேசா சாய்வு குடுத்து ஒரு சின்ன வாய்க்கால், அது போய் சேர்ற இடத்துல ஒரு தொட்டி, மேல மூடி. மண் தரைன்னா மாடு நிக்கிற இடத்துல கரும்புத் தோகை, கடலைத் தோல், தென்னை நார்க்கழிவு, ஒண்ணுமே கிடைக்கலைன்னா காஞ்ச மண்ணு, எதையாவது பரப்பி விட்டா அது உறிஞ்சிக்கும், நனைஞ்சதும் அள்ளி எருக்குழில போட்டுட்டு புதுசு பரப்பணும். பொள்ளாச்சி பக்கம் இருக்கவங்களுக்கு நார்க்கழிவு சுலபமா கிடைக்கும், அதைப் போட்டா நல்லா உறிஞ்சும்.

மூத்திரத்தை அப்படியே புல்லு மேல ஊத்தலாமா?

வேண்டாம், கருகும். அஞ்சு பங்குக்கு குறையாம தண்ணி கலந்து தூருல விடுங்க, இல்லைன்னா தண்ணி கட்டும்போது வாய்க்கால்ல கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. அறுத்து ரெண்டு மூணு நாள்ல விடுறது நல்லது, அப்ப இலை இல்லை, கருக ஒண்ணும் இல்லை.

ஏக்கருக்கு எத்தனை டன், எப்ப போடணும்?

கரணை நடுறதுக்கு முன்னாடி எக்டருக்கு 25 டன் பரிந்துரை, ஏக்கருக்கு 10 டன். கடைசி உழவுல மண்ணோட கலந்துரணும். கோ-4, கோ-5 ஒரு தடவை நட்டா சில வருஷம் நிக்கிற பயிரு, அதனால அடியில எரு போட இதுதான் நல்ல சான்ஸ், அப்புறம் பாருக்கு (புல்லு நட்ட மேட்டு வரிசைக்கு) நடுவுல தூவி மம்புட்டில கொத்தி விடுறதுதான். முதல் அறுப்பு 75-80 நாள்ல வரும், அப்புறம் 45 நாளைக்கு ஒரு அறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை நாலு அஞ்சு டன் மக்கின எருவ ரெண்டு பாருக்கு நடுவுல போட்டு மண் அணைச்சு தண்ணி கட்டுங்க. ஒவ்வொரு அறுப்புக்கும் தழைச்சத்து தனியா குடுத்தே ஆகணும், அது மூத்திரமோ, சாண எரிவாயு கழிவோ, யூரியாவோ, உங்க வசதி.

எருவைக் கொண்டு வந்து சின்னச் சின்ன குமியா வயல்ல கொட்டிட்டு பத்து நாள் வெயில்ல காய விடுறாங்களே, அதை நிறுத்துங்க முதல்ல. காயக் காய அமோனியா போய்க்கிட்டே இருக்கும். கொட்டுன அன்னைக்கே எறைச்சு அன்னைக்கே உழுதுருங்க. அதே மாதிரி ஐப்பசி அடைமழைக்கு முந்துன நாள் போடுறதும் வேஸ்ட்டு, பக்கத்து காட்டுக்காரருக்குத்தான் போய் சேரும்.

பச்சை சாணிய நேரா போட்டா என்னங்க தப்பு? தாத்தா காலத்துல எல்லாம்...

தாத்தா காலத்துல குப்பை மேட்டுல ஆறு மாசம் கிடந்ததைத்தான் வண்டில ஏத்தினாங்க. பச்சை சாணி போட்டா கரையான் ஏறும், முக்கியமா மானாவாரி செவக்காட்டுல. வைக்கோல், தீவனக் கழிவு கலந்து பச்சையா போட்டா அது மக்குறதுக்கு மண்ணுல இருக்குற தழைச்சத்தையே நுண்ணுயிர் எடுத்துக்கும், புல்லு கொஞ்ச நாள் வெளுத்துப் போகும். களை விதை அப்படியே முளைக்கும், குடல்புழு முட்டை, நோய்க்கிருமி எல்லாம் உயிரோட புல்லு வழியா திரும்ப மாட்டுக்கே போகும். இது எல்லாத்துலயும் கடைசி விஷயம்தான் எனக்கு பெருசா படுது, ஏன்னா இது நெல்லு இல்லை, அந்த மாடே திங்கப்போற புல்லு.

எருக்குழி எப்படி இருக்கணும்?

நெழல்ல இருக்கணும், மழைத்தண்ணி உள்ள ஓடி வரக்கூடாது. மூணடி ஆழம் போதும், ரொம்ப ஆழமா எடுத்தா அடியில காத்து போகாம நாத்தமடிச்சு கிடக்கும். கிணத்துக்கு பக்கத்துல எடுக்காதீங்க, எருவுல இருந்து இறங்குற தண்ணில நைட்ரேட்டு கிணத்துக்கு போகும், குடிக்கிற தண்ணின்னா கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

ஒரு குழிய ஒரு பக்கத்துல இருந்து ரொப்பிட்டே வாங்க. தினம் சாணி, தீவனக் கழிவு, நனைஞ்ச படுக்கை, எல்லாம் ஒண்ணா போட்டு, ஒரு பகுதி தரை மட்டத்துக்கு மேல ஒரு அடி ஏறினதும் மண்ணும் சாணியும் குழைச்சு மெழுகி மூடிட்டு அடுத்த பகுதிக்கு போங்க. மூடாம திறந்து போட்டா வெயில்ல சத்து ஆவியாகும், மழையில சாம்பல்சத்து கரைஞ்சு கருப்புத் தண்ணியா ஓடும், அந்தக் கருப்புத் தண்ணி ஓடுற இடத்துல மட்டும் கோரையும் அருகும் எப்படி செழிப்பா நிக்குதுன்னு பாத்திருப்பீங்க. சூப்பர் பாஸ்பேட்டோ ஜிப்சமோ நடுநடுவுல தூவினா அமோனியா போறது குறையும், சூப்பர்ல மணிச்சத்தும் ஏறும்.

தென்னந்தோப்புக்குள்ள புல்லு போட்டிருக்கவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. தென்னங்குருத்தைக் குடையுற காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிறது இந்த எருக்குழிலதான். குழிய கிளறும்போது வெள்ளை வெள்ளையா இங்கிலீஷ் சி எழுத்து மாதிரி சுருண்டு கிடக்குற கொழுத்த புழு வந்தா அள்ளி கோழிக்கு போடுங்க, கோழி ஒண்ணையும் விடாது. மெட்டாரைசியம்னு ஒரு பச்சை பூஞ்சாணம் கிடைக்கும், அதை குழில கலந்து விட்டாலும் புழு நோய் வந்து சாகும். எருவ வருஷக்கணக்கா கிடக்க விடாம எடுத்துட்டே இருந்தா பாதி பிரச்சனை தீர்ந்துரும்.

மக்கிருச்சுன்னு எப்படி கண்டுபுடிக்கிறது?

கடப்பாரைய நடுக்குழில அஞ்சு நிமிஷம் சொருகி வச்சு எடுத்து தொட்டுப் பாருங்க, சுட்டா இன்னும் வேலை நடந்துட்டு இருக்கு. ஆறியிருந்து, கருப்பா, பொடிஞ்சு, மழை பெஞ்ச மண்ணு வாசம் வந்தா ரெடி. சாணி வாடையோ மூக்குல ஏறுற அமோனியா வாடையோ வந்தா இன்னும் விடுங்க. ஆனா ஒண்ணு, ஈரமே இல்லாம காஞ்சு கிடந்தாலும் சூடு இருக்காது, அதை மக்கினதுன்னு நெனைச்சுராதீங்க.

சூடு ஏறுறது நல்லதுதான். குவியல் நடுவுல 55 டிகிரிக்கு மேல பல நாள் இருந்து, கிளறி விட்டு வெளிப்பக்கம் இருந்ததும் உள்ள போய் சூடு ஆனாதான் களை விதையும் புழு முட்டையும் சாகும்.

கோழி எரு போடலாமா? நாமக்கல்ல இருந்து லோடு குடுக்குறேங்குறாங்க

தாராளமா, ஆனா மாட்டு எரு மாதிரி அளவு போட்டா தொலைஞ்சீங்க. கோழி எருவுல தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 2.6 வரைக்கும் இருக்கும், தொழு உரத்தைவிட ஆறு மடங்கு காரம். சீக்கிரமாவும் அவுந்துரும். ஏக்கருக்கு ஒரு டன், மிஞ்சினா ரெண்டு டன், அதுவும் ஆற விட்டு மக்கினது. லேயர் (முட்டைக்கோழி) பண்ணை எருவும் பிராய்லர் கொட்டகை எருவும் வேற வேற, பிராய்லர்ல உமியோ நார்க்கழிவோ பாதி கலந்திருக்கும், விலை பேசும்போது அதையும் பாருங்க.

லோடுக்குள்ள செத்த கோழி கிடக்குதான்னு கட்டாயம் பாருங்க. செத்த கோழியில வளர்ற ஒரு பாக்டீரியாவோட விஷம் கொஞ்சூண்டு வயித்துக்குள்ள போனாக்கூட மாடு பின்னங்கால் விழுந்து, நாக்கு தொங்கி, படுத்துரும், பொட்டுலிசம்னு சொல்வாங்க, காப்பாத்துறது கஷ்டம். கோழி எரு குவியலை மாடு ஆடு வாய் வைக்கிற இடத்துல கொட்டவே கூடாது, நிக்கிற புல்லு மேலயும் தூவக்கூடாது.

ஆட்டுப் புழுக்கை நல்லதா? கிடை போடலாமா?

ரொம்ப நல்லது. காஞ்ச புழுக்கைல தழைச்சத்து 3, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 சதவீதம் வரைக்கும்னு கணக்கு. கிடை போட்டா, அதாவது ராத்திரி ஆட்டை வயல்லயே அடைச்சு வச்சா, இன்னும் நல்லது, ஏன்னா மூத்திரமும் நேரா மண்ணுக்கே போகுது. ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்து கீதாரிங்க (ஆடு மேய்க்கிறவங்க) டெல்டாவுக்கு ஆட்டை ஓட்டிட்டு போய் அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போடுறது காலங்காலமா நடக்குது, வயல்காரரு காசு குடுத்து போடச் சொல்றாரு, சும்மாவா. புல்லு நிக்கிற காட்டுல போட முடியாது, புதுசா நடப்போற காட்டுல உழவுக்கு முன்னாடி போட்டு, எடுத்ததும் உடனே உழுதுருங்க.

ஒரே பயம் சீமைக்கருவேலம். ஆடு அந்தக் காயத் தின்னா விதை செரிக்காம புழுக்கையில முழுசா வந்துரும், செரிமானத்துல தோல் இளகி நல்லாவும் முளைக்கும். கருவேலங்காட்டுல மேஞ்ச ஆட்டோட புழுக்கைன்னா நல்லா மக்க வச்சுத்தான் போடணும். இல்லைன்னா புல்லுக்கு நடுவுல முள்ளுச்செடி பொறுக்குற வேலை வருஷம் பூரா ஓடும்.

நிறைய எரு இருக்கு சார், ஜாஸ்தி போட்டா புல்லு ஜாஸ்திதானே வரும்?

ஒரு அளவு வரைக்கும் வரும். அதுக்கு மேல மாட்டுக்குத்தான் பிரச்சனை. தழைச்சத்து ரொம்ப ஏறுன மண்ணுல புல்லும் சோளமும் நைட்ரேட்டை அப்படியே தண்டுல தேக்கி வச்சுக்கும், குறிப்பா வறட்சில வாடி நின்னுட்டு திடீர்னு மழை பெஞ்சு எழும்புற நேரத்துல. அதை அறுத்து வெறும் வயித்து மாட்டுக்கு போட்டா மூச்சு வாங்கும், தள்ளாடும், ரத்தம் சாக்லேட் கலருல மாறும். உடனே டாக்டரைக் கூப்பிடணும், மெத்திலீன் புளூ ஊசி போட்டா பொழைக்க வாய்ப்பு இருக்கு. சந்தேகமா இருந்தா அடித்தண்டை உசரமா விட்டு அறுங்க, நைட்ரேட்டு அடியிலதான் ஜாஸ்தி. காய வச்சு போட்டா சரியாயிரும்னு சிலர் சொல்றாங்க, நைட்ரேட்டுக்கு அது உதவாது, காத்து புகாம மூடிப் புளிக்க வைக்கிற ஊறுகாய்ப் புல்லா போட்டா ஓரளவு குறையும்.

சோளத்துக்கு இன்னொரு விஷம் இருக்கு, இளசா இருக்கும்போது சயனைடு. தழைச்சத்து ஏற ஏற அதுவும் ஏறும். கோ எஃப்எஸ்-29 தீவனச் சோளத்தை பாதி பூத்ததும் அறுங்க, அவசரப்பட்டு முழங்கால் உசரத்துல மாட்டை விட்டுராதீங்க. இந்த விஷம் நல்லா காய வச்சா குறையும், நைட்ரேட்டு மாதிரி இல்லை.

அப்புறம் கம்பு நேப்பியர்ல ஆக்சலேட்டுன்னு ஒண்ணு இயற்கையாவே இருக்கு, அது சுண்ணாம்புச்சத்தைப் புடிச்சு வச்சுக்கும். மூத்திரமும் எருவும் அளவுக்கு மீறி போன மண்ணுல சாம்பல்சத்து கூடி ஆக்சலேட்டும் கூடும், மக்னீசியமும் சரியா கிடைக்காது. கன்னு போடப்போற மாட்டுக்கும் இப்பதான் போட்ட மாட்டுக்கும் வெறும் நேப்பியர் மட்டும் போடாதீங்க. வேலிமசால், அகத்தி, தட்டப்பயறு கொடி ஏதாவது மூணுல ஒரு பங்கு சேர்த்து, தாது உப்புக் கலவையும் குடுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மண் பரிசோதனை பண்ணிட்டா இந்தக் குழப்பமே இல்லை.

ஜீவாமிர்தம் மட்டும் விட்டா போதும்னு சொல்றாங்களே?

சண்டைக்கு வராதீங்க, கணக்கு மட்டும் சொல்றேன். 200 லிட்டர் ஜீவாமிர்தத்துல 10 கிலோ சாணி, 10 லிட்டர் மூத்திரம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம். எல்லாத்துலயும் சேர்த்து தழைச்சத்து கால் கிலோ சுமாருக்கு வரும். அறுத்து எடுத்துட்டு போறது ஏக்கருக்கு 260 கிலோ. நுண்ணுயிர் பெருகும்னு விடுறதுன்னா விடுங்க, தடையில்லை. எருவுக்குப் பதிலா விடுறதுன்னா மண்ணு தேஞ்சுக்கிட்டே போகும்.

கொட்டகை கழுவுற தண்ணிய நேரா புல்லுக்கு விடலாமா?

விடலாம், விடணும். தினம் ஒரே இடத்துல விடாம பாத்தி மாத்தி மாத்தி விடுங்க. வாய்க்கால் கிட்ட இருக்குற முதல் பாத்தி மட்டும் கருகருன்னு ஆளுயரம் நிக்கும், கடைசிப் பாத்தி மஞ்சளா நிக்கும், பாதி வீட்டுல இதுதான் நிலைமை. தண்ணி தேங்கி நின்னா நத்தை வரும், நத்தை வழியா தட்டைப்புழு புல்லுல ஏறி மாட்டுக்கு போகும், தாடை கீழ நீர் கோத்து வீங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவுன தண்ணிய மட்டும் தனியா விட்டுருங்க.

சாண எரிவாயு கலன்ல இருந்து வர்ற கழிவு?

புல்லுக்கு இதைவிட தோதான எரு இல்லைன்னே சொல்வேன். எரிவாயுவா போறது கரிச்சத்துதான், தழைச்சத்து அப்படியே கழிவுல இருக்கும், பாதி மக்கின நிலையில இருக்கறதால பயிருக்கும் சீக்கிரம் கிடைக்கும். களை விதை, புழு முட்டையும் கணிசமா குறைஞ்சிரும். அறுத்து ரெண்டு நாள்ல தண்ணியோட கலந்து விட்டுருங்க. காய வச்சு வறட்டி மாதிரி ஆக்கி போட்டா அமோனியா போயிரும்.

வேலிமசால், அகத்திக்கும் இதே அளவா?

இல்லை. அதுக வேர் முடிச்சுல தானே தழைச்சத்து சேத்துக்கும், எரு ரொம்ப போட்டா முடிச்சு போடுறதையே விட்டுரும். நடும்போது கொஞ்சம் மக்கின எரு, மணிச்சத்து மட்டும் குறையாம பாத்துக்கங்க. ரைசோபியம் (வேர் முடிச்சு போட வைக்கிற பாக்டீரியா) பாக்கெட்ல விதை நேர்த்தி பண்ணுங்க.

எரு போட்டு எத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம்? மாடு மோந்து பாத்துட்டு திங்க மாட்டேங்குது

அது புத்திசாலி, சாணி ஒட்டுன புல்லை ஒதுக்குறது அதோட பாதுகாப்பு. அறுத்ததும் போட்டா அடுத்த அறுப்பு 45 நாள் கழிச்சுத்தானே, தானா சரியாயிரும். மேய விடுற காடுன்னா மூணு நாலு வாரம் விட்டு, மழையோ பாசனமோ கழுவினதுக்கப்புறம் விடுங்க. ஊறுகாய்ப் புல் போடுறவங்க சாணித் தண்ணி ஒட்டுன புல்லை சேக்கவே கூடாது, வேண்டாத பாக்டீரியா வளர்ந்து மொத்தமும் கெட்டு நாறிரும்.

எருவுக்குள்ள பிளாஸ்டிக், கயிறெல்லாம் வருது, பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு விடாதீங்க. வெளிய வாங்குற லோடுல கம்பி, ஆணி, ஊசி, நைலான் கயிறு எல்லாம் வரும். காட்டுல எறைச்சா அறுக்கும்போது புல்லோட சேர்ந்து வந்து புல் வெட்டுற மெஷின்ல போகும், கயிறுன்னா பிளேடுல சுத்தும், கம்பின்னா துண்டு துண்டா நறுக்கி தீவனத்தோட கலந்துரும். மாடு மென்னு பாத்து திங்கிற ஜாதி இல்லை, அப்படியே விழுங்கிரும், கம்பி ரெண்டாவது வயித்துல குத்தி அங்கிருந்து நெஞ்சுக்குப் போகும். எறைக்கும்போதே ஒரு ஆளை சாக்கோட பின்னாடி நடக்க விட்டு பொறுக்கச் சொல்லுங்க, மெஷின் தட்டுல ஒரு பெரிய காந்தத்தையும் கட்டி விட்டுருங்க, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டுனது போதும்.